நீலச்சீட்டு பிறந்த கதை

ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரியாததால் ஒருத்திக்கு மூன்று வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். உலகத்தில் எத்தனையோ பைத்தியம் உண்டு, அவளுக்குச் சொல் பைத்தியம்.

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். அக்கா பெரியவள். நாமும் அப்படியே கூப்பிட்டுக்கொள்வோம். சின்னவள் ஓர் அகராதி ஆபீசில் உதவியாசிரியர். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, ஆனால் அது ஓடிப் பார்த்தவர் யாருமில்லை. அங்கே தயாராவது பண்டிதர்களுக்கான அகராதி அல்ல. டீக்கடையிலும் பேருந்திலும் கல்லூரி வாசலிலும் புழங்குகிற பேச்சுச் சொற்களைப் பிடித்துப் பொருள் எழுதி, எங்கிருந்து வந்தது என்று விசாரித்துப் போடுகிற அகராதி.

மூன்று வாரமாக அவளை ஆட்டிப்படைத்த சொல் 'நீலச்சீட்டு'. படத்தில் கதாநாயகன் தாயின் மடியில் விழுந்து ஐந்து நிமிடம் விடாமல் அழுதால் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: "நீலச்சீட்டு ஓடுதுடா, போய் டீ குடிச்சிட்டு வரலாம்." காதலன் 'நீ இல்லையேல் என் இதயம் துடிக்காது' என்று செய்தி அனுப்பினால் பதில் வரும்: "நீலச்சீட்டெல்லாம் வேணாம், எத்தனை மணிக்கு வர்ற?" வெள்ளம் பார்க்க வந்த தலைவர் கேமராவைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்தால் ஊரே ஒரே வாயாகச் சொல்லும், நீலச்சீட்டு என்று. ஏழு வருடத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாத சொல், இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில் கூட இருக்கிறது.

பொருள் எழுதியாகிவிட்டது: 'கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன போலி உருக்கம்'. தோற்றம் என்ற இடம் மட்டும் காலியாகக் கிடந்தது. அந்தக் காலியிடத்தைப் பார்க்கும்போதெல்லாம் சின்னவளுக்குப் பல்லில் எதுவோ மாட்டிக்கொண்ட மாதிரி இருந்தது.

ஆசிரியருக்கு அந்தக் கவலை இல்லை. அவர் மெத்தப் படித்தவர், நல்லவர், ஆனால் சரியான அகராதி பிடித்தவர். அந்தத் தொழிலுக்கு அது பொருத்தம்தான். "அந்தக் காலத்துல வெளிநாட்டுக்குப் போற கடிதம் நீலத்தாள்லதான் வரும். அதுல எல்லாரும் உருகி உருகி எழுதுவாங்க. அங்கேருந்து வந்தது நீலச்சீட்டு. இதுக்கு எதுக்கும்மா மூணு வாரம்?" என்றார்.

"சார், நீலத்தாள் கடிதம் நின்னு இருபது வருஷமாச்சு. இந்தச் சொல்லுக்கு வயசு ஏழு. செத்துப் பதிமூணு வருஷம் கழிச்சு யாராவது பிள்ள பெத்துக்குவாங்களா?"

பக்கம் வடிவமைக்கிறவர் களுக்கென்று சிரித்து, ஆசிரியர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்குப் பக்கவாத்தியம் என்று பட்டப்பெயர். பக்கம் போடுவதாலும், ஆசிரியர் எது சொன்னாலும் தாளம் போடுவதாலும் வந்தது.

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சரி. இன்னிக்கு நாலு மணிக்குக் கடைசித் தாள் அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள ஆதாரம் கொண்டு வா. கொண்டு வந்தா, கடைசித் தாள்ல என்னோட சேர்ந்து நீயும் கையெழுத்துப் போடு."

கடைசித் தாளை நேரில் பார்த்துக் கையெழுத்திட்டவர் பெயர்தான் அட்டையில் வரும் என்பது அந்த ஆபீசின் விதி. ஒன்பது வருடமாக அவள் பெயர் முன்னுரையின் கடைசி வரியில், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில், 'மற்றும் உதவியவர்கள்' கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தது. அட்டையில் பெயர்! அவள் குடையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள். மணி ஒன்பதரை.

அவளிடம் இருந்த ஒரே பிடி, பழைய குறிப்பேட்டில் ஏழு வருடத்துக்கு முன் எழுதிய ஒரு வரி: 'சலூன்காரர், டிவி பார்த்துக்கொண்டே: சரியான நீலச்சீட்டு.' அதற்கு முந்திய பதிவு எதுவும் அகப்படவில்லை. போன வாரமே அவரைத் தேடிப் போயிருந்தாள். கடை இடம் மாறிவிட்டிருந்தது. நேற்றுத்தான் புது இடம் தெரிந்தது.

சலூன்காரர் ஒருவருக்குப் பாதி மீசையை எடுத்திருந்தார். மீதி மீசையோடு அந்த மனிதரும் ஆர்வமாகத் திரும்பினார். "நீலச்சீட்டா? ஐயோ, நல்லா ஞாபகம் இருக்கே! ஃபிரிட்ஜ் ரிப்பேர்காரர் ஒருத்தர் முடி வெட்ட வருவாரு. டிவில ஒரு அம்மா அழுதுட்டே இருந்துச்சு. அவருதான் சொன்னாரு, 'இது எங்க ஆபீஸ் நீலச்சீட்டவிட மோசமா இருக்கே'ன்னு. நான் சிரிச்ச சிரிப்புல கத்தி நழுவிப்போச்சு. இன்னும் அவரு காதுல தழும்பு இருக்கும் பாருங்க."

எங்க ஆபீஸ்! சின்னவள் அங்கேயே ஒரு துள்ளு துள்ளினாள். ரிப்பேர்காரரின் எண்ணை வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்தபோது கைபேசி ஒலித்தது. அக்காவின் செய்தி. 'அம்மாவுக்கு மாத்திரை வாங்கிவிட்டேன். நீ வாங்க வேண்டாம்.' சின்னவள் 'சரி' என்று பதில் போட்டாள்.

அக்கா தங்கைக்கு இடையே ஒன்பது வருடமாக இவ்வளவுதான். மாத்திரை, அம்மாவின் கண் சோதனை, காஸ் தீர்ந்தது. சண்டை கிடையாது, அதுதான் தொல்லை. சண்டை என்றால் சமாதானம் ஆகலாம். அக்காவின் கணவர், இவள் மாமா மாமா என்று உயிரை விட்ட மனிதர், ஒரு நாளும் ஓர் இரவும் ரயிலில் போகவேண்டிய தொலைவூரில், வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே சாய்ந்து போய்ச் சேர்ந்தார். அப்போது சின்னவள் இந்த ஆபீசில் சேர்ந்த புதிது. முதல் பதிப்பு அச்சில் இருந்தது. "போயிட்டு வாம்மா" என்று ஆசிரியரே சொன்னார். இவள்தான் இதோ முடித்துவிட்டுப் போகிறேன், இதோ முடித்துவிட்டுப் போகிறேன் என்று பதினேழு நாள் கழித்துப் போய் நின்றாள். அக்கா ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பிறகு குழந்தையோடு அம்மா வீட்டுக்கே வந்துவிட்டாள், ஏதோ போன் எடுக்கிற வேலையில் சேர்ந்தாள். எந்தக் கம்பெனி என்று சின்னவள் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. இதைச் சின்னவள் நினைக்கமாட்டாள். அவளுக்குத்தான் எப்போதும் வேலை இருக்கிறதே.

ரிப்பேர்காரர் ஒரு வீட்டின் சமையலறையில் வாஷிங் மெஷினைக் குப்புறப் போட்டு அதன் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். தலையை எடுக்காமலே பேசினார். "நாங்க வெளிய சுத்துறவங்க மேடம். அந்த வார்த்தை புகார் ஹால் பொண்ணுங்களோடது. மெஷின் ஓடலன்னு திட்றவங்க போனையெல்லாம் அங்கதான் எடுப்பாங்க. நான் அந்த வீடுங்களுக்குப் போனா, 'உங்க ஆபீஸ் பொண்ணு எவ்வளவு உருக்கமா பேசுச்சு தெரியுமா'ன்னு சொல்வாங்க. திரும்பிப் போய்ச் சொன்னா பொண்ணுங்க விழுந்து விழுந்து சிரிக்கும். 'நீலச்சீட்டு வாசிச்சோம் அண்ணே'ன்னு."

"சீட்டுன்னா, நிஜமாவே சீட்டா? காகிதமா?"

"காகிதம்தான். ரெண்டு மேஜைக்கு ஒண்ணு இருக்கும். நீலமா."

சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நிஜமான சீட்டு! நிஜமான நீலம்! ஆசிரியரின் வெளிநாட்டு நீலத்தாளும் அவருமாகப் போகட்டும். பழைய நூல் கிடங்கின் மாடி என்று ரிப்பேர்காரர் முகவரி சொன்னார். இரண்டு பேருந்து மாறி, ஒன்றில் படியில் தொங்கி, சாப்பாட்டை மறந்து அவள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு.

நீளமான ஹால். அறுபது எழுபது பேர், ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு ஹெட்போன். சந்தை இரைச்சல், ஆனால் எல்லோர் குரலிலும் தேன். வரவேற்பில் இருந்தவள் அகராதி என்றதும் என்ன ஏது என்று விளங்காமலே மரியாதையாக உள்ளே விட்டாள். சர்க்கரை என்று எல்லோரும் கூப்பிட்ட ஒரு பெண்ணின் பக்கத்தில் நாற்காலி போட்டார்கள். குரலுக்காக வைத்த பட்டம். ஹெட்போனைக் கழற்றினால் சர்க்கரையின் பேச்சு வேறு.

"நீலச்சீட்டப் பத்திப் புஸ்தகத்துல போடப்போறீங்களா? அடியாத்தி!" அவள் எட்டிப் பக்கத்துத் தடுப்புகளைத் தட்டி நாலு பேருக்குச் சொன்னாள். "பாருங்க மேடம், ஒருத்தர் கத்த ஆரம்பிச்சா நாம எடதுகைய இப்படித் தூக்கணும். பக்கத்துல இருக்கறவ உடனே நீலச்சீட்ட நம்ம முன்னாடி தள்ளுவா. அத அப்படியே வாசிக்கணும். மூணு வரில ஆள் அடங்கிடுவான். நாலாவது வரி வரைக்கும் போன கேஸு ரொம்பக் கம்மி."

சொல்லி வாய் மூடவில்லை, அழைப்பு வந்தது. ஃபிரிட்ஜுக்குள் வைத்ததெல்லாம் கெட்டுப்போன ஒரு மனிதர். அவர் கத்தியது ஹெட்போனைத் தாண்டிச் சின்னவளுக்கே கேட்டது. சர்க்கரை இடதுகையைத் தூக்கினாள். கெட்டி அட்டையில் அச்சடித்த நீலச்சீட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அவள் குரல் மாறிவிட்டது.

"ஐயா, தங்களுக்கு நேர்ந்த ஈடுசெய்ய இயலாத இழப்பை அறிந்து எங்கள் நெஞ்சம் நெக்குருகுகிறது. இத்தகைய வேளையில் சொற்கள் தோற்றுப்போகின்றன. தங்கள் கண்ணீர் எங்கள் கண்ணீர்..."

எதிர்முனை அடங்கிவிட்டது. மூன்றாவது வரி முடியுமுன்பே. "பரவால்லம்மா, நீ என்ன பண்ணுவ பாவம்" என்று அந்த மனிதர் சொன்னது தெளிவாகக் கேட்டது. அழைப்பு முடிந்ததும் தடுப்புக்குத் தடுப்பு சிரிப்பு. சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஃபிரிட்ஜுக்கு ஈடுசெய்ய இயலாத இழப்பா! யாரு எழுதினது இத? செத்த வீட்டுக்கு எழுதின மாதிரி இருக்கே. ஒரு வரி சொந்த வரி இல்ல. இத எழுதின கைக்கு மோதிரம்தான் போடணும்!"

"நல்லா ஓடுது பாருங்க" என்றாள் சர்க்கரை. "நாங்க வீட்டுலயும் பேசிப் பேசி அது ஊருக்கே போயிடுச்சு. என் வீட்டுக்காரர் லேட்டா வந்து 'உன்னைப் பிரிஞ்சு எப்படித் தவிச்சேன் தெரியுமா'ன்னாரு. 'எங்கிட்டயே நீலச்சீட்டா'ன்னு கேட்டேன். மறுநாள் அவரு ஆபீஸ்ல அதச் சொல்லிட்டாரு."

சின்னவளின் பேனா பறந்தது. பிறந்த இடம் கிடைத்தது, பரவிய வழி கிடைத்தது. "முதல் சீட்டு இருக்கா? இந்த அச்சடிச்சதுக்கு முன்னாடி இருந்தது?"

"லீடர் அக்கா மேஜைல இருக்கு. அவங்கதான் எட்டு வருஷம் முன்னாடி கொண்டுவந்தாங்களாம். கையால எழுதினது. அக்கா சாப்பிடப் போயிருக்காங்க, இருங்க எடுத்துட்டு வர்றேன்."

பிளாஸ்டிக் உறைக்குள் வெளிர்நீலத் தாள். மடித்து மடித்து நாலு கோடு விழுந்திருந்தது. கீழ்ப்பகுதியை யாரோ கத்தரியால் நேராக வெட்டியிருந்தார்கள். சின்னவள் இரண்டு கையாலும் வாங்கினாள். இதற்காகத்தானே மூன்று வாரம்! முதல் வரியைப் பார்த்தாள்.

'திரு. ........... அவர்களின் மறைவு என்னும் ஈடுசெய்ய இயலாத இழப்பை அறிந்து...'

முகத்தில் ஈயாடவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்கள். இந்தப் பூதம் அவளுடைய கையெழுத்திலேயே எழுதியிருந்தது.

அவளுடைய 'ழ'. வாலை நீட்டி அடுத்த எழுத்தின் தலைக்குமேல் கொண்டுபோய் விடுகிற பழக்கம் வேறு யாருக்கும் கிடையாது. மாமா இறந்த அன்றைய இரவு போனில் அக்காவும் இவளுமாக அழத்தான் முடிந்தது, பேச முடியவில்லை. மறுநாள் கடிதம் எழுத உட்கார்ந்தாள். எழுதிய ஒவ்வொரு வரியும் அற்பமாகத் தெரிந்தது, ஆறேழு தாளைக் கிழித்தாள். சொல்லே தொழிலாக உள்ளவளுக்கு ஒரு சொல் அகப்படவில்லை. கடைசியில் ஆபீஸ் அலமாரியிலிருந்து 'மாதிரிக் கடிதங்கள்' புத்தகத்தை எடுத்து, இரங்கல் பகுதியைத் திறந்து, மெய்ப்புத் திருத்துகிற பழக்கத்தில் எழுத்து பிசகாமல் பார்த்து எழுதினாள். பெயர் போடவேண்டிய இடத்தில் புத்தகத்தில் புள்ளிகள் இருந்தன. அதையும் பிசகாமல் எழுதினாள். கடைசியில் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அச்சகத்திலிருந்து ஆள் வந்து கூப்பிட்டான். உறையில் போட்டு ஒட்டிவிட்டாள்.

நிரப்பவில்லை என்பது அவளுக்கு இந்த நிமிடம்தான் தெரிந்தது.

"அந்தப் புள்ளிதான் மேடம் ரொம்ப வசதி" என்று சர்க்கரை ஆர்வமாகக் காட்டினாள். "அந்த எடத்துல யாரு பேர வேணா போட்டுக்கலாம்."

பின்னால் ஒரு டிபன் டப்பா மேஜைமேல் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. சின்னவளுக்குத் திரும்பிப் பார்க்கவே தேவைப்படவில்லை.

பெரியவள் தங்கையையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். "வா" என்று மட்டும் சொல்லி மாடிப்படி வளைவுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு தண்ணீர்க் கேனும் உடைந்த இரண்டு நாற்காலியும் கிடந்தன.

"அக்கா, இது நான்..."

"தெரியும். உனக்கு அ, ஆ எழுதக் கத்துக்குடுத்தவ நான். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?" பெரியவள் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்தாள். "அன்னிக்கு போன்ல நீ அழுத. நானும் அழுதேன். ஒரு வார்த்தை பேசல. அதுவே எனக்குப் போதும்னு இருந்துச்சு. நாளைக்கு வந்துடுவான்னு பாத்தேன். மறுநாளும் பாத்தேன். ரயில் வர்ற நேரத்துக்கெல்லாம் வாசல்ல போய் நிப்பேன். ஆறாம் நாள் கூரியர்காரன் வந்தான்."

சின்னவள் கையிலிருந்த தாளைத் திருப்பிப் பிடித்தாள்.

"பிரிச்சேன். திரு. புள்ளி புள்ளி புள்ளி. பதினோரு புள்ளி, எண்ணிப் பாத்தேன். உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்குடுத்தாரேடி. நீ விழுந்தப்போ உன்னத் தோள்ல தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாரே. அவருக்குப் பேரு இல்லையா?"

"எந்தச் சொல்லும் போதலக்கா. எழுதினதெல்லாம் சின்னதா தெரிஞ்சுது. அதான் புஸ்தகத்தப் பாத்து..."

"சொல்லையாடி கேட்டேன்? ஆளக் கேட்டேன்."

அந்த வார்த்தை சின்னவளின் நெஞ்சில் தைத்தது. ஒன்பது வருடமாக அக்கா திட்டமாட்டாளா என்று உள்ளுக்குள் ஏங்கியவள்தான். திட்டு வந்தபோது தாங்கமுடியவில்லை. அழுதாள். பெரியவள் அழவில்லை. கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள்.

"அப்புறம் இத ஏன்க்கா இங்க கொண்டுவந்த?"

"பழி வாங்கன்னு நெனைக்காத. வேலைக்குச் சேர்ந்த மொத வாரம். ஒருத்தன் வாஷிங் மெஷினுக்காக என் பரம்பரையையே இழுத்துத் திட்டறான். எனக்கு வாயே வரல. பையில இது கெடந்துது. எடுத்து வாசிச்சேன், புள்ளில அவன் பேரப் போட்டேன். மெஷினுக்கு மறைவுன்னா நல்லாவா இருக்கும்னு அத மட்டும் விட்டுட்டேன்." பெரியவளின் உதடு துடித்தது. "பாவி மனுஷன், தேம்பித் தேம்பி அழுதுட்டான்டி!"

சின்னவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு பீறிட்டது. பெரியவளுக்கும் அடக்கமுடியவில்லை. மாமா இறந்த பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான். படியேறி வந்த யாரோ ஒருவர் பயந்துபோய்த் திரும்ப இறங்கிவிட்டார்.

"கீழ வெட்டியிருக்கே?"

"உன் பேரு இருந்துச்சு. ஊரே சிரிக்குது, உன் பேரு அதுல இருக்க வேணாம்னு வெட்டிட்டேன்."

அப்போது கைபேசி அடித்தது. ஆசிரியர். "என்னம்மா, மணி மூணு இருபது. கெடச்சுதா, இல்ல என் நீலத்தாளே போகட்டுமா?"

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். இல்லை சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நீலத்தாள் கடிதத்தின்மேல் பழி போய்விடும், யாருக்கும் எதுவும் தெரியாது. பெரியவளும் கையை அசைத்தாள். நான் சொல்லமாட்டேன் என்று அதற்குப் பொருள். அக்கா அப்படித்தான், வெட்டி எறிந்த பெயரைக்கூடத் தங்கைக்காகத்தான் வெட்டியிருந்தாள். அதுவே சின்னவளுக்குப் பொறுக்கவில்லை.

"கெடச்சுது சார். எழுதிக்குங்க." அவள் குரல் தெளிந்துவிட்டது. இது அவளுக்குத் தெரிந்த வேலை. "தோற்றம்: ஒரு புகார் ஹாலில், கோபமாக அழைப்பவரை அமைதிப்படுத்த வாசிக்கப்பட்ட நீலத் தாள். மூலம்: கையால் எழுதிய இரங்கல் கடிதம், ஒன்பது வருஷம் முன்னாடி. மாதிரிக் கடிதப் புத்தகத்திலிருந்து பார்த்து எழுதியது. எழுதியவர்..." அக்காவைப் பார்த்துக்கொண்டே முடித்தாள். "இந்த அகராதியோட உதவியாசிரியர்."

மறுமுனையில் பக்கவாத்தியத்தின் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

"உன் பேரப் போடவா?" ஆசிரியரின் குரல் தணிந்திருந்தது. "அகராதி இருக்கிற வரைக்கும் இருக்கும்மா. சிரிப்பாங்க."

"போடுங்க சார். தெரிஞ்சத தெரியலன்னு எழுதவா இத்தன வருஷம் கடை தொறந்து வெச்சிருக்கோம்?"

"பொருள் மாத்தணுமா? போலி உருக்கம்னு இருக்கு."

"போலின்னு போடாத" என்று கைபேசிக் குரல் காதில் விழுந்த பெரியவள் குறுக்கே சொன்னாள். சின்னவள் திரும்பினாள். "போலி இல்லடி. நீ அழுதது எனக்குத் தெரியும். போலின்னா அன்னிக்கே கிழிச்சுப் போட்டிருப்பேன்."

"அப்புறம் என்னன்னு போடறது?"

பெரியவள் யோசிக்கவே இல்லை. அவளிடம் அது ஒன்பது வருடமாகத் தயாராக இருந்தது போலும். "வரவேண்டியவங்க வராம அனுப்பி வெக்கிற வார்த்தை. அவ்வளவுதான்."

சின்னவள் அதைத் திரும்ப ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கில் பொருள் எழுதியிருக்கிறாள், இப்படி ஒன்று அவளுக்கு அமைந்ததில்லை. ஆசிரியரிடம் எழுத்தெழுத்தாகச் சொன்னாள். மறுபக்கம் அவர் ஒரு பெருமூச்சு விட்டார்.

"அருமைம்மா. சரி, சீக்கிரம் கெளம்பி வா. ஆட்டோ புடி. நாலு மணிக்கு நீ வந்து தாளப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அட்டைக்கு நான் சொல்லிட்டேன்."

கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். நிச்சயம் சேர்ந்துவிடலாம். "நீ எத்தன மணிக்குக் கெளம்புவ?" என்று அக்காவிடம் கேட்டாள்.

"நாலுக்கு. ஏன்? நீ போ, உன் தாள் நிக்குது."

"சார், நான் வரல" என்றாள் சின்னவள்.

"என்னது? கையெழுத்து இல்லாம அட்டைல பேரு வராது. அடுத்த பதிப்புக்கு ஆறேழு வருஷம் ஆகும். தெரியுமில்ல?"

"தெரியும் சார். நீங்க பாத்துக் கையெழுத்துப் போட்டுடுங்க. நான் அக்கா கூட வீட்டுக்குப் போறேன்." அவர் மறுபடி ஏதோ சொல்லத் தொடங்குமுன் கைபேசியை அணைத்துப் பைக்குள் போட்டாள். மனசு எங்கோ பறந்துகொண்டிருந்தது. அப்படி ஓர் ஆனந்தம் அவளுக்கு எந்தச் சொல்லைக் கண்டுபிடித்தபோதும் வந்ததில்லை.

நாலு மணிக்கு ஹால் கலைந்தது. தெருவில் பாதி தூரம் வந்ததும் சின்னவளுக்கு ஏதாவது சொல்லியாகவேண்டும் போல இருந்தது. "அக்கா, மாமா போனப்போ உன்னோட அந்த வேதனைய நான்..."

"வாயத் தொறக்காத" என்றாள் பெரியவள். "அந்தச் சீட்டுலேருந்து ஏதாவது எடுத்து விட்ட, நடுத்தெருன்னு பாக்காம அறைஞ்சிடுவேன். சும்மா கூட வா."

சின்னவள் சும்மா கூடப் போனாள். பேருந்தில் வேலை விட்ட நேரத்துக் கூட்டம். பெரியவள் பழகிய கையால் ஆட்களை விலக்கி முன்னே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் தன் பையை வைத்தாள். சின்னவள் இன்னும் படியில் முண்டிக்கொண்டிருந்தாள். ஓர் அம்மாள் வந்து, "இங்க யாராச்சும் வர்றாங்களா?" என்று கேட்டாள்.

"ஆள் வருது" என்றாள் பெரியவள்.